பதினேழாவது ஆள்

நூலகத்திலை வேலை செய்யிறவனுக்கு முதல் கிழமையே ஒண்டு விளங்கிப்போகும்: இருக்கிற புத்தகத்தைக் குடுக்கிறது சின்ன வேலை, இல்லாத புத்தகத்துக்குக் காத்திருக்கிற சனத்துக்கு மறுமொழி சொல்லுறதுதான் பெரிய வேலை.

கடிதப்பெட்டிக்கு முன்னாலை நிண்டு பழகின ஆக்களுக்காகத்தான் இதை எழுதிறன். மற்றாக்களும் வாசிக்கலாம், ஆனால் உங்களுக்கு இது அரைவாசிதான் விளங்கும். நான் ஹேர்னிங் நூலகத்திலை சேர்ந்தது, அகதியா வந்த எங்கட ஆக்கள் மனிசி பிள்ளையளை இங்கை கூப்பிட விண்ணப்பம் போட்டிட்டு வருசக்கணக்கா மறுமொழி இல்லாமல் கிடந்த காலம். பிறகு டென்மார்க் முழுக்க அதைத் தமிழர் வழக்கு எண்டு சொல்லிச்சினம். அப்ப எங்களுக்கு அதுக்குப் பேர் தெரியாது. என்ர மனிசி யோகாவும் மகள் தர்சினியும் கொழும்பிலை ஒரு லொட்ஜ் அறையிலை இருந்திச்சினம். நான் வெளிக்கிடேக்கை பிள்ளைக்கு எட்டு மாதம்.

முத்திரை

ஊரிலை நான் பருத்தித்துறைத் தபாற்கந்தோரிலை கிளாக். என்னோடை வந்த பெடியள் எல்லாம் தையல் ஃபாக்டரிக்குப் போக, எனக்கு இங்கிலீஷ் ஓடும் எண்டு கொம்யூன்காரர், அதுதான் நகரசபை ஆக்கள், நூலகத்துக்கு அனுப்பிச்சினம். முதல் வேலை, புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய திகதியை முத்திரை அடிக்கிறது. அட, எனக்கு முத்திரை புதுசோ? பதினொரு வருசம் அடிச்ச கை. மைப்பெட்டியிலை ஒண்டு, தாளிலை ஒண்டு, டக்கு டக்கெண்டு போட்டன்.

ஊசி விழுந்தாலும் கேக்கிற மண்டபம் அது. மூலையிலை பேப்பர் வாசிச்ச கிழவருக்குக் கண்ணாடி மடியிலை விழுந்துபோச்சுது. ரெண்டு பிள்ளையள் எழும்பி நிண்டு பாத்திச்சினம். மேசைக்குப் பொறுப்பான கிர்ஸ்டன் கோப்பிக் கோப்பையோடை வந்து, என்ர மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா: "மெல்லமா அடி. இது போற சாமான் இல்லை, திரும்பி வாற சாமான்."

கிழிஞ்ச புத்தகம்

கிர்ஸ்டன் நல்ல மனிசி. மத்தியானத்திலை நான் சாப்பிடாமல் யன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதைக் கண்டிட்டு, இங்கிலீஷ் புத்தகம் ஒண்டு தந்தா. எழுதினவ அமெரிக்காவிலை கான்சஸ் பக்கம். பேரை எழுதமாட்டன், ஆள் உயிரோடை இருக்கிறா, கோவிச்சாலும் கோவிப்பா. நான் கான்சஸ்காரி எண்டுதான் சொல்லுறது. எழுதினது எல்லாம் ஒரே ஊரைப் பற்றித்தான்: மேடு பள்ளம் இல்லாத நிலம், கோதுமை, காத்து, அளந்து கதைக்கிற சனம். ஹேர்னிங் இருக்கிற யூலண்ட் பக்கமும் அப்பிடித்தான், இந்த ஆக்களுக்கு அவவைப் பிடிச்சுக்கொண்டதிலை ஒரு புதினமும் இல்லை.

முதல் கதையிலை ஒருத்தன் ஸ்டேசன் வாசலிலை லொறிக்குள்ளை இருக்கிறான். விட்டிட்டுப் போன பெஞ்சாதி இண்டைக்குத் திரும்பி வாறா. ரெயின் சத்தம் தூரத்திலை கேக்குது. தொப்பியைக் கழட்டித் தலையைத் தடவிறான். அடுத்த பக்கத்தைப் பிரட்டினால் வேறை கதை! ஆரோ ஒரு படுபாவி பக்கத்தைக் கிழிச்சுப்போட்டான் எண்டு, பைண்டிங்கை விரிச்சு வெளிச்சத்திலை பிடிச்செல்லாம் பாத்தன். பக்க இலக்கம் ஒழுங்கா வருகுது எண்டது மட்டும் கண்ணிலை படேல்லை.

"பக்கம் குறையுது" எண்டு துண்டு எழுதிச் செருகி, திருத்திற தட்டிலை வைச்சன். கிர்ஸ்டன் துண்டை வாசிச்சா. சிரிக்கேல்லை, அது அவவின்ர பெருந்தன்மை. "ஒண்டும் கிழியேல்லை," எண்டா. "அவ அந்த இடத்திலைதான் நிப்பாட்டுவா."

பண்டிக்காரர்

பிறகு அவவின்ர புத்தகம் ஒண்டையும் விடேல்லை. மூண்டு கதைத் தொகுப்பு, நாலு நாவல். எழுத்துக்காக எண்டு நினைக்காதேங்கோ. எதிலையாவது ஒண்டிலை ஆராவது வந்து சேர்ந்திருக்கினமோ எண்டு தேடினன். பெற்றோல் ஷெட் நடத்திற ரெண்டு சகோதரியள் பன்ரெண்டு வருசமாக் கதைக்கிறேல்லை. கடைசிப் பக்கத்திலை மூத்தவ வாயைத் திறக்கிறா, அவ்வளவுதான். இன்னொண்டிலை, மாட்டு டொக்ரரின்ர விதவைக்கு ஆசுபத்திரியிலை இருந்து கடிதம் வருகுது. ஒரு உறையைக் கையிலை வைச்சுக்கொண்டு இருநூறு பக்கம்! பேந்தும் உடைக்கேல்லை! தபாற்கந்தோர்க்காரனுக்கு இதைவிட ஒரு வதை இருக்கோ சொல்லுங்கோ. என்ர பெட்டியிலையோ பின்னேரத்திலை போய்ப் பாத்தால் பலசரக்குக்கடை விளம்பரம்தான் கிடக்கும்.

ஊருக்கு வெளியிலை பண்டி வளக்கிற சோரன் எண்ட மனிசன் அவவின்ர ரசிகர். மரக்கட்டைச் செருப்போடை வந்து, நாவலைக் கையிலை நிறுத்துப் பாத்து, "இதிலை முடிவு என்ன?" எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது, எழுதினவவுக்கும் தெரியாது போலை கிடக்கு எண்டன், எரிச்சலிலை. அவருக்கு அது குறையாத் தெரியேல்லை. "நல்லதாப்போச்சு," எண்டார், "மிச்சத்தைப் பண்டியளுக்குத் தீன் போடேக்கை நானே யோசிச்சுக்கொள்ளுறன்."

வரிசை

கான்சஸ்காரியின்ர புது நாவல் டெனிஷிலை வந்தது. எங்களிட்டை ஒரு பிரதிதான். கேக்கிற ஆக்களின்ர பேரைக் கார்ட்டிலை எழுதி, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாப் பெட்டியிலை அடுக்கிறது என்ர பொறுப்பு. பாதிரியார் பதினோராவது. தேவாலயத்துக்கு வேணும் எண்டு பகிடியாக் கேட்டுப் பாத்தார், நான் அசையேல்லை. வரிசை எண்டால் வரிசை. இங்கெர் எண்ட வயசுபோன மனிசி பதினேழாவது. வியாழன் தவறாமல் வந்து, "இப்ப எத்தினையாவது?" எண்டு கேப்பா. பதினாறு எண்டுவன். போயிடுவா. ஒரு இலக்கத்தோடை எப்பிடி நிம்மதியா நடந்து போறா எண்டு பாத்துக்கொண்டு நிப்பன். சரியான பொறாமையா இருக்கும்.

அந்த நாளையிலைதான் யோகாவின்ர கடிதம் வந்தது. விடியப்புறம் பொலிஸ்காரர் வந்து லொட்ஜைச் சோதனை போட்டவையாம். பக்கத்து அறைப் பெடியனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம், இன்னும் விடேல்லை. ஜீப் சத்தம் கேட்டால் தர்சினி தானாக் கட்டிலுக்குக் கீழை போய்ப் படுக்கிறாளாம், ஆரும் சொல்லிக் குடுக்கேல்லையாம். கிர்ஸ்டனிட்டைக் கேட்டு, ஆக்கள் இளைப்பாறுற அறையிலை இருந்து கொப்பன்ஹேகனிலை எங்கட விண்ணப்பங்களைப் பாக்கிற கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தன். எப்ப முடியும் எண்டு கேக்கேல்லை. அது கேட்டுக் களைச்சுப்போச்சுது. நான் எத்தினையாவது ஆள் எண்டு மட்டும் சொல்லுங்கோ, முன்னூறாவது எண்டாலும் பரவாயில்லை எண்டன். அந்தப் பக்கத்திலை இருந்த பொம்பிளைப்பிள்ளை மரியாதையாத்தான் சொன்னாள்: "இதுக்கு வரிசை எண்டு ஒண்டும் இல்லை."

வாசல்

பாதிரியார் முடிச்சார், பள்ளிக்கூட ரீச்சர் முடிச்சா, ஒருத்தர் செத்தும்போனார். ஒண்டரை வருசம் போய், ஒரு வியாழக்கிழமை இங்கெரின்ர முறை வந்தது. புத்தகத்தை மேசையிலை எடுத்து வைச்சு, மெல்லமா முத்திரை அடிச்சன். மனிசி புத்தகத்தைப் பாக்கேல்லை, என்ர முகத்தைப் பாத்தா. "உன்ர மனிசிக்கு இப்ப எத்தினையாவது?" எண்டு கேட்டா. கிர்ஸ்டன்தான் என்ர கதையை அவவுக்குச் சொல்லியிருப்பா.

எனக்கு அழுகை வந்திட்டுது. மறைக்கேல்லை. வரிசை இல்லையாம் எண்டு சொன்னன். இங்கெர் ஓய்வெடுக்கமுன்னம் முப்பது வருசம் கொம்யூன் கந்தோரிலை கோப்பு அடுக்கின மனிசி. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா, திருப்பிப் போட்டா, இன்னொருக்காச் சொல்லு எண்டா. சொன்னன். கன்னம் ரெண்டும் சிவந்துபோச்சுது. "வரிசை இல்லையெண்டால் உனக்கு முன்னாலை ஆரும் நிக்கேல்லை," எண்டா. "வாசலை மறிச்சுக்கொண்டு ஆரோ நிக்கிறாங்கள்."

ஸ்டேசன்

அவ சொன்னதைத்தான் கொஞ்சக் காலத்தாலை பேப்பர்காரரும் எழுதிச்சினம்: எங்கட கோப்புகள் தானாப் பிந்தேல்லை, மேலிடத்திலை வேணுமெண்டு ஒதுக்கி வைச்சிருந்தது எண்டு. பிறகுதான் ஒவ்வொண்டா அசைஞ்சுது. என்ர கடிதம் வந்த அண்டைக்கு, உறையைக் கையிலை வைச்சுக்கொண்டு படியிலை இருந்தன். உடைக்க ஏலாமல் போச்சுது. மேல் வீட்டுப் பெடிச்சி பள்ளிக்கூடத்தாலை வந்து, சப்பாத்தைக் கழட்டி, உள்ளுக்கை போய்ப் பாணும் சாப்பிட்டிட்டு வந்து பாத்தாள், நான் அப்பிடியே இருக்கிறன். அந்த மாட்டு டொக்ரரின்ர விதவையிட்டை அண்டைக்கு மனசுக்குள்ளை மன்னிப்புக் கேட்டன்.

அனுமதி கிடைச்சு, அவை கொப்பன்ஹேகனிலை பிளேனாலை இறங்கி ரெயினிலை வாற அண்டைக்கு, ஹேர்னிங் ஸ்டேசனுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போயிட்டன், சிநேகிதன்ர காரிலை. வெளியிலை காருக்குள்ளை இருந்தன். தொப்பியைக் கழட்டித் தலையைத் தடவினன். என்ன செய்யிறன் எண்டு எனக்கே விளங்கி, அந்தக் கதையை நினைச்சுப் பயந்து, கதவைத் திறந்துகொண்டு மேடைக்கு ஓடினன். ரெயின் வந்தது. ஓம், வந்தது. சனம் இறங்கிச்சுது. நான் ஒவ்வொரு பெட்டியாப் பாத்துக்கொண்டு போனன். யோகா படம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தவ, எல்லாம் என்ர பேர்சிலை கிடக்கு. ஆனால் கண் கேட்டால்தானே. கைக்குழந்தையோடை இறங்கிற நீட்டுப் பின்னல்காரியைத்தான் அது தேடினது.

அப்பிடி ஒருத்தரும் இறங்கேல்லை. மேடை வெறிச்சோடிப்போச்சுது. கடைசியிலை ஆரோ முழங்கையிலை தொட்டிச்சினம். தலைமயிரைக் கட்டையா வெட்டின, மெலிஞ்ச மனிசி. பக்கத்திலை தன்ர பையைத் தானே தூக்கிக்கொண்டு அஞ்சு வயசுப் பெட்டை, என்னை ஏற இறங்கப் பாக்கிறாள். ரெண்டுதரம் அவையைக் கடந்து போயிருக்கிறன். அந்த வெக்கம் இண்டைக்கும் என்னை விடேல்லை. யோகா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "ஆரைத் தேடுறியள்?" எண்டு கேட்டா.

இருபது வருசத்துக்கு மேலை நூலகத்திலை இருந்திட்டன், கான்சஸ்காரி பெரிய எழுத்தாளர் எண்டு ஆர் சொன்னாலும் தலையாட்டுவன், ஆனால் அந்த முதல் கதைக்கு நான் எழுதிச் செருகின துண்டு மட்டும் சரி: அதிலை பக்கம் குறையுது.