பருப்பு வேகாத தண்ணீரும் துறைமுகத்து எஞ்சினும்

அந்த எஞ்சின் அரியலூருக்கு வந்தது சண்டைக் காலத்தில். குண்டு விழப்போகிறது என்று சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவந்தார்களே, அந்தக் கோடையில். துறைமுகத்தில் கப்பலை ஒட்டினாற்போல நின்று, சரக்குப் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்த எஞ்சினாம். கப்பல் வரத்து குறைந்ததும், சுண்ணாம்புக்கல் பள்ளத்திலிருந்து ஸ்டேஷனுக்குக் கல் இழுப்பதற்காக எங்கள் காண்டிராக்டர் அதை எப்படியோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பெரம்பலூர்ப் பக்கம் ரயிலே கிடையாது. அங்கே குரும்பலூரிலிருந்து என் சின்னம்மா குடும்பத்தோடு வந்து, அதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

குட்டையான எஞ்சின். ஸ்டேஷனில் வரும் பெரிய எஞ்சின்களுக்குப் பின்னால் கரிக்கும் தண்ணீருக்கும் தனி வண்டி இருக்கும். இதற்கு அது இல்லை. கழுதை பொதி சுமப்பதுபோலத் தண்ணீர்த் தொட்டியை முதுகிலேயே சுமந்துகொண்டு நின்றது. அந்தத் தொட்டியை நிரப்புவதுதான் எங்கள் வேலை. பள்ளத்துக் கிணற்றில் இறைத்து, குடம் குடமாகச் சுமந்து, ஏணி ஏறி ஊற்றுவோம். ஆறு பெண்கள், எல்லோரும் எங்கள் சேரிக்காரிகள். அதற்கு முன்பு ஆண்டை வயலில் குனிந்த தலை நிமிராமல் நடவும் களையெடுப்பும் செய்தவர்கள். இந்த வேலையில் யாரும் எங்களை அதட்டவில்லை. அதனாலேயே அந்த எஞ்சினை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எனக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. எதையும் கேட்காமல் இருந்தால் தலை வெடித்துவிடும் எனக்கு. எஞ்சினோடு கூடவே வந்த டிரைவர் ராயபுரத்துக்காரர், நல்ல மனுஷர். அவரைப் போட்டுக் குடைந்தெடுப்பேன்.

"கடல் அம்மாம் கிட்டக்க இருந்துச்சே, அந்தத் தண்ணியவே இதுக்கு ஊத்துனீங்களா?"

"கடல் தண்ணிய ஊத்துனா வண்டி செத்துடும். அங்க பைப்புத் தண்ணிதான். இன்னாம்மா, நீ போலீஸா?"

ஒரு நாள் பள்ளத்தில் கிடைத்த கல் சிப்பி ஒன்றைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அசல் சிப்பியாட்டமே கீதே, இங்க ஏது கடலு?" என்று கேட்டார். தோண்டத் தோண்ட வருகிறது, எனக்கும் தெரியவில்லை என்றேன். அவருக்கும் ஒன்று தெரியாமல் இருப்பதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

நாலைந்து மாதத்தில் எஞ்சின் சுணங்க ஆரம்பித்தது. எவ்வளவு கரி போட்டாலும் ஆவி ஏறவில்லை. நெருப்பை அணைத்து பாய்லரைக் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. மூன்றாம் நாள் திரும்பவும் அதே கதை. காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, "இந்த மாசம் பார்ப்பேன். இப்படியே மக்கர் பண்ணுச்சுன்னா திருப்பி அனுப்பிட்டு மாட்டு வண்டிய வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டு வண்டிக்குத் தண்ணீர் சுமக்க ஆள் எதற்கு? மறுபடியும் ஆண்டை வயல்தான்.

உதிர்ந்த பொருக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு உலைப்பானைக்குள் படிகிற அதே வெள்ளைதான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, மத்தியானம் வரை கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். பருப்பு வேகும் தண்ணீர் இருந்தால் எஞ்சினுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று தோன்றியது. டிரைவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் எனக்கு இதே பைத்தியம். ஏரி வற்றிப்போயிருந்தது. அதனால் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து, கைப்பிடித் துவரம்பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றுவேன். சேரிக் கிணறு, ஸ்டேஷன் கிணறு, எங்கள் கோயில் பக்கத்துக் கிணறு, ஒன்றிலும் வேகவில்லை. அரைவேக்காட்டுப் பருப்பைத் தின்று தின்று என் வீட்டுக்காரருக்கு வயிறு உப்பிக்கொண்டது. "எஞ்சினுக்கு வைத்தியமா, எனக்குச் சூனியமா?" என்று கத்தினார்.

மிஞ்சியது ஆண்டை தோட்டத்துக் கிணறு. ஏரிக்கரை மணலில் வெட்டிய குடிதண்ணீர்க் கிணறு. தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரம், எங்கள் சேரிக்கும் கூப்பிடு தூரம். ஆனால் வேலியைத் தாண்டி நாங்கள் கால் வைக்க முடியாது. டிரைவர்தான் போய் ஒரு செம்பு கேட்டு வாங்கி வந்தார். காக்கிச் சட்டையிடம் யாரும் சாதி கேட்கவில்லை. அந்தப் பருப்பு, நான் சுள்ளி பொறுக்கப் போய்விட்டுத் திரும்புவதற்குள் பூவாக மலர்ந்து கிடந்தது. நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரி பாம்பு என்று நினைத்து ஓடிவந்தாள்.

காண்டிராக்டரும் டிரைவரும் போய் ஆண்டையிடம் கேட்டார்கள். தன் கிணற்றுத் தண்ணீரில் ரயில் ஓடும் என்றதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் கிணற்றைத் தொடுவது அவர் ஆட்களாக மட்டும் இருக்க வேண்டும் என்றார். "அப்ப உங்க ஆளுங்களே கொண்டாந்து ஊத்திடட்டும்" என்று காண்டிராக்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கண்டுபிடித்தது இந்தப் பெண்தான் என்று டிரைவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். அது காண்டிராக்டர் காதில் ஏறவில்லை.

நானே என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டேனே! மற்ற ஐந்து பேரும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நேராகப் போய் வேலிக்கு வெளியே நின்றேன்.

"ஆண்டே, இறைக்கிறது உங்க ஆளுங்க இறைக்கட்டுங்க. ஆனா எஞ்சின் முதுவுல ஏறி ஊத்துறது யாருங்க? ஆம்பளைங்க குடம் சுமக்க மாட்டாங்க. உங்க வூட்டுப் பொம்பளைங்க குடத்தத் தூக்கிக்கிட்டு ஊரு பாக்க ஏணி ஏறுவாங்களா?"

அவர் தண்டவாளப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் ஆளிடம், "வேலிக்கு மேல இருந்தே அதுங்க குடத்துல ஊத்து" என்றார். என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "வண்டிக்கு மட்டுந்தான். ஒரு வாய் குடிச்சதா காதுல வுழுந்துச்சு, அத்தோட சரி."

"சரிங்க ஆண்டே" என்றேன்.

வேலை தப்பித்தது. அன்றைக்கே ஆறு பேரும் வரிசையில் போய் நின்று குடத்தை ஏந்தினோம். முதல் குடம் எனக்கு. தண்டவாளத்துக்குப் போகிற வழியில் ஒரு கள்ளிப் புதர் உண்டு. அதன் மறைவில் குடத்தை இறக்கி, சாய்த்து, இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தேன். இளநீர் போல இனித்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. பிறந்ததிலிருந்து இதற்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, தண்ணீர் என்றால் கரிக்கும் என்றே நினைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், பின்னால் வந்த ஐந்து பேரும் அதே மறைவில் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.