ஓரத்துக்குக் கூழாங்கல், நடுவுக்குக் கருங்கல்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குள் கிடந்த கற்களை என்னால் இன்றும் ரகம் பிரித்துச் சொல்ல முடியும். என் கணவர் ரோடு போடும் இலாகாவில் என்ஜினீயர். எங்கள் வீதிக்குப் புதிதாகத் தார் போடும் வேலை அவரிடம் வந்திருந்தது. எந்தக் கல் வழுக்காது என்று பார்ப்பதற்காகக் குவாரி குவாரியாகப் போய்ப் பையில் ஜல்லி கொண்டுவந்து, என் அம்மியில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். துவையலில் மண் கடிபடுகிறது என்று நான் கத்தினால், "பாரு, இந்தக் கல்லு தேயறது. இது வேண்டாம்" என்று சந்தோஷப்படுவார். பெருமாள் அலமாரியில் அவர் மறந்து வைத்த ஒரு கறுப்புக் கூழாங்கல்லை, ஊரிலிருந்து வந்த உறவுக்கார மாமி சாளக்கிராமம் என்று எண்ணிச் சேவித்துவிட்டுப் போனாள்.

அவர் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் நான்தான். நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவேன். பழைய ரோட்டின் ஜல்லி டயர் பட்டுப் பட்டுக் கண்ணாடியாகியிருந்தது. ஒரு மழை நாளில் எங்கள் வீதி முனையில் டிரைவர் பிரேக் போட்டார். பஸ் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் நேரே போய்ப் பூக்கடைக்குள் மூக்கை நுழைத்தது. யாருக்கும் அடியில்லை. நான் புடவையெல்லாம் துளசியோடு வீட்டுக்கு வந்தேன். அவர் அன்று சாப்பிடவில்லை.

கடைசியில், எவ்வளவு தேய்த்தாலும் சொரசொரப்புப் போகாத ஒரு கருங்கல் ஜல்லியைப் பிடித்தார். அதில்தான் வந்தது வம்பு. என் மாமியார் தினமும் விடிவதற்கு முன் வீதிப் பிரதட்சிணம் போவார். கோயில் வீதியில் செருப்புப் போட மாட்டார். சாப்பிடாமல் இருப்பார், என்னிடம் பேசாமல்கூட இருப்பார், பிரதட்சிணம் போகாமல் மட்டும் இருக்க மாட்டார். மாமனார் காலமான பிறகு தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். மாதிரிக்குப் போட்டிருந்த துண்டு ரோட்டில் நடந்து பார்த்துவிட்டு வந்து, மகனிடம் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினார்.

"ஏண்டா, பஸ்ஸுக்கு ரோடு போடறே. எனக்கு?"

என் கணவர் யோசித்து யோசித்து, இருவருக்கும் பொதுவாக ஒரு வழி கண்டுபிடித்தார். வீதி நடுவில் பஸ் போகும் அகலத்துக்குக் கருங்கல். வாசல்களை ஒட்டி இரண்டு ஓரத்திலும், சலித்தெடுத்த பொடிக் கூழாங்கல் பதித்து வழவழவென்று ஒரு பட்டை. மழை நாட்களில் மாமியார் கோயிலுக்குள்ளேயே மண்டபத்தோடு சுற்றிக்கொள்வார். அதனால் ஓரம் நனைவதைப் பற்றிக் கவலையில்லை. முதல் நாள் நடந்துவிட்டு வந்து, "பட்டு மாதிரி இருக்கு" என்றார். என் சமையலைப் பற்றி அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மழையை யோசித்தவர் மார்கழியை யோசிக்கவில்லை. மற்ற மாதங்களில் வீடுகள் கதவு திறப்பதற்குள் மாமியார் சுற்றி முடித்துவிடுவார். மார்கழியில் வீதியே அவருக்கு முன்னால் எழுந்து, கோலத்துக்காக வாசலெங்கும் வாளி வாளியாகச் சாணி தெளித்துவிடும். அந்தத் தண்ணீர் பட்ட கூழாங்கல் எப்படி இருக்கும் என்று எந்த என்ஜினீயரிங் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. மாமியார் நான் தெளித்த எங்கள் வாசலைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டு வாசலில் விழுந்தார். அந்த மட்டும் பெருமாள் என்னைக் காப்பாற்றினார்.

கால் எலும்பு முறிந்திருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். திரும்ப நடப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்க்கலாங்க" என்று மட்டும் சொன்னார். மாமியாரோடு நான் ஆயிரம் சண்டை போட்டிருக்கலாம், ஆனால் அவர் வீட்டோடு முடங்கிக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் கணவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "உனக்குன்னு பாத்துப் பாத்துப் போட்ட கல்லும்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். மாமியார் அவரைக் கொஞ்ச நேரம் அழவிட்டார்.

"நடுவுல போட்டியே, அது வழுக்குமோ?"

"வழுக்காதும்மா."

"அப்போ இனிமே நடுவுலயே போறேன்."

"பஸ் வரும்மா."

"பிரேக் போட்டா நிக்கும்னு நீதானேடா சொன்னே?"

நான் வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். மாமியார் சிரிக்கவில்லை.

கட்டுப் பிரித்து, கோல் ஊன்றி நிற்க முடிந்ததும், மாமியார் சொன்னபடியே செய்தார். இருட்டோடு நடு வீதியில் இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்தார். முதல் பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. பஸ் நின்றது. மறுநாள் காலையில், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் கணவர், வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மாவின் பின்னால் இறங்கினார். தான் தேர்ந்தெடுத்த கல்லின் மேல் வெறுங்காலோடு, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போனார்.