டொமினிக்கின் பெல்ஜியப் புறாக்கள்

லேத் ஆபரேட்டர் டொமினிக் என்று கேட்டால் நீலசந்திராவில் யாருக்கும் தெரியாது. புறா டொமினிக் என்றால் அவர் வீட்டு மொட்டை மாடி வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். மனைவி நோரா சாப்பிட்டாளா என்று கேட்க மறந்தாலும் மறப்பார், புறாவுக்குத் தண்ணீர் மாற்ற மறக்கமாட்டார்.

1998இல் அவருடைய தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த பெல்ஜியக்காரரும் ஒரு புறாப் பைத்தியம். பாஷை புரியாமலேயே இருவரும் மாடியில் மணிக்கணக்காகப் பேசினார்கள். ஊர் திரும்பியதும் அந்த நல்ல மனிதர் ஒரு ஜோடிப் பந்தயப் புறாவை விமானத்தில் அனுப்பிவைத்தார். ஆனால் வெளிநாட்டுப் பறவை நேரே வீட்டுக்கு வந்துவிட முடியாது. நகரத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில் தனியாக வைத்து, நோய் இல்லையென்று உறுதியான பிறகுதான் விடுவார்கள். நோய் தெரிந்தால் இரண்டையும் கொன்றுவிடுவார்கள்.

கொட்டகையின் பொறுப்பு டாக்டர் உஷாவிடம் இருந்தது. வீட்டில் புறா வளர்ப்பவர் உள்ளே வரக்கூடாது, வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டொமினிக்கும் ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு போய் நின்றார். புறாக்காரர் சட்டைப்பையில் தானியம் இல்லாமல் இருக்குமா? விடுவிக்கும் நாள் நெருங்கிய சமயத்தில், கை சும்மா இராமல், வீட்டுச் சோளத்தை ஒரு பிடி அள்ளிக் கூண்டுக்குள் விழும்படி வீசிவிட்டார்.

உஷா பார்த்துவிட்டார். தனிமைக் காலத்தை முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். டொமினிக் கெஞ்சினார். வெளிநாட்டு நோய் இங்கே வரக்கூடாதென்றுதானே இந்த ஏற்பாடு, நம்மூர்ச் சோளம் என்ன செய்யும் என்று சண்டையும் போட்டுப் பார்த்தார். டாக்டர் அசையவில்லை. வழியெல்லாம் அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே வீடு வந்தார்.

அடுத்த சில நாட்களில் நீலசந்திரா மாடிகளில் கழுத்தைத் திருகும் நோய் புகுந்தது. டொமினிக்கின் புறாக்கள் தலை கோணி, தானியத்தைக் கொத்தக்கூட முடியாமல் சுற்றிச் சுற்றி விழுந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை. தான் வீசிய சோளத்தோடு நோயும் போயிருக்குமோ என்று பதறிக் கொட்டகைக்கு போன் செய்தார். இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். சொன்ன நாளில் விட்டிருந்தால் அவையும் இந்த மாடியில்தானே செத்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டு அழுதார்.

புதிய கெடு முடிந்த அன்று உஷாவே வேலி வரைக்கும் வந்து, பறவைகளைக் கொண்டுபோகலாம் என்றார். டொமினிக் கூடை எதுவும் எடுத்து வந்திருக்கவில்லை. வேலிக்கு நாலடி தள்ளியே நின்றார்.

"மேடம், அன்னிக்கு உங்கள ரொம்பத் திட்டிட்டேன். நீங்க புடிச்சு வெச்சதாலதான் இதுங்க உசுரோட இருக்குது. என் வூடு இன்னும் சுத்தமாவல. இன்னும் கொஞ்ச நாள் நீங்களே வெச்சுக்குங்க."