மீசை வைத்தால் மங்கலம்

பாரிஸில் ஈழத்தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் முதலில் மண்டபம் பார்ப்பார்கள். பிறகு ஐயர், பிறகு வீடியோக்காரர். எல்லாம் முடிந்தபின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மயில்வாகனத்தார் அண்டைக்கு வருவாரோ?" என்று கேட்பார்கள்.

மயில்வாகனத்தார் வருவார். பட்டு வேட்டி, அதற்குக் கீழே கௌபோய் சப்பாத்து, அகன்ற விளிம்புத் தொப்பி, கிற்றார், உதட்டை மூடிய பெரிய மீசை. 'மாட்டுக்கார மயில்வாகனம்' என்பது முழுப்பெயர். வன்னியில் விட்டுவந்த ஒரே மாட்டை நினைத்து மேடையில் அழுவார். மகனுக்குச் சீதனமாக ஈஃபிள் கோபுரம் கேட்பார். மேல்மாடி மட்டும் போதாது, அத்திவாரத்தோடு வேண்டும் என்பார். அமெரிக்க நாட்டுப்புற மெட்டில், யாழ்ப்பாணத் தமிழில் பாடுவார்:

நாயும் போச்சு, நாம்பனும் போச்சு,
நான் ஏற வந்த ரெயிலும் போச்சு,
சீதனம் கேட்ட வாய்மட்டும் போகேல்லை,
செவ்ரானிலை நிண்டு கத்துறன் ராசாத்தி!

கடைசியில் மணவறைக்கு ஏறி, தம்பதியின் தலையில் அறுகரிசி போடுவார். அறுகம்புல்லும் அரிசியும் கலந்து மூத்தவர்கள் தூவுகிற வாழ்த்து அது. மயில்வாகனத்தாரும் போட்டால் வருடம் திரும்புவதற்குள் பிள்ளை பிறக்கும் என்று யாரோ கிளப்பிவிட, அதுவும் ஒரு நம்பிக்கையாகிவிட்டது. நம்மவர்களுக்கு நம்பிக்கை முளைக்கத் தண்ணீர்கூடத் தேவையில்லை.

மயில்வாகனத்தாரின் உண்மைப் பெயர் சுகிர்தம். பாரிஸின் புறநகரான செவ்ரானில் ஒரு பொது மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் பெண். போரின் கடைசி மாதங்களில் கணவரைப் பறிகொடுத்து, மகள் சுதர்சனாவைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர். மீசைக்குப் பின்னால் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மீசை இல்லாமல் அவர் மணவறைப் பக்கம் போகமுடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவர் விதவை.

மயில்வாகனத்தார் பிறந்ததே இந்த அநியாயத்தால்தான். உறவுக்காரர் ஒருவரின் மகளுக்குச் சாமத்திய வீடு நடந்தது. பெண் பெரியவளானதை ஊரைக் கூட்டி அறிவிக்கும் அந்தக் கூத்துக்குச் சுகிர்தத்தையும் அழைத்திருந்தார்கள். அழைத்து, சமையல்கட்டில் வெங்காயம் உரிக்க இருத்தினார்கள். "முன்னுக்கு வராதேங்கோ" என்று ஒருவரும் சொல்லவில்லை. கதவை மட்டும் சாத்திவிட்டார்கள். உள்ளே இருந்த பெண்களில் பாதிப்பேர் அவரைப் போன்றவர்கள். ஒரு போரைக் கடந்து வந்த சமூகத்தில் விதவைகளுக்கு என்ன பஞ்சம்? சுகிர்தம் மூலையில் நின்ற, கூட்டுகிற புதுத் தும்புத்தடியிலிருந்து ஒரு பிடி தும்பைப் பிடுங்கி, மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டார். வெளியே நெஞ்சை நிமிர்த்தி நின்ற மாமாக்களைப் போலவே நடந்து காட்டினார்.

"என்ன, சோறு இன்னும் வேகேல்லையோ? நான் ஆர் தெரியுமே? நான் மயில்வாகனம்! ஊரிலை எனக்கு ஒரு மாடு நிக்குது!"

சமையல்கட்டுச் சிரிப்பு கதவைத் தாண்டிக் கேட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தானும் சிரித்துவிட்டு, "அக்கா, இதை வெளியிலை வந்து செய்யுங்கோவன். சனம் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு அலுத்துப்போயிருக்கு" என்றார். அதே கால்கள் அதே வாசலைத் தாண்டின. தும்பு மீசை இருந்ததால் ஒருவருக்கும் தீட்டுப் படவில்லை.

தொப்பியும் கிற்றாரும் பிறகு வந்தவை. அவர் துப்புரவு செய்யும் மண்டபத்தில் கௌபோய் தொப்பி போட்ட பிரெஞ்சுக்காரர்கள் வாரந்தோறும் கூடி வரிசையாக நின்று ஆடுவார்கள். அவர்களுக்கு ஆட்டம் பழக்குகிறவர் ஆன்-சோஃபி என்ற ஓய்வுபெற்ற தபால்காரி. இந்தப் பாட்டெல்லாம் என்ன சொல்கிறது என்று சுகிர்தம் ஒருநாள் அவரிடம் கேட்டார்.

"நாய் செத்துவிட்டது, காதலி போய்விட்டாள், ரயில் போய்விட்டது, மழை பெய்கிறது," என்றார் ஆன்-சோஃபி.

சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது. லா சப்பலிலிருந்து செவ்ரானுக்குத் திரும்பும் ரயிலில் நம்மவர்கள் பேசுவதெல்லாம் இதுதானே? இதற்கா இவ்வளவு பெரிய தொப்பி? ஆன்-சோஃபி பழைய கிற்றார் ஒன்றைக் கொடுத்து, நரம்பில் மூன்று விரல்பிடிகள் சொல்லிக்கொடுத்தார். அதற்குமேல் தனக்கே தெரியாது என்றும் ஒப்புக்கொண்டார். மயில்வாகனத்தாரின் சங்கீதம் இன்றுவரை அந்த மூன்று பிடிகள்தான்.

மண்டபம் மண்டபமாக அழைப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை தன் தலையில் அறுகரிசி வாங்கிய மணமகள் அடுத்த வாரம் கடையில் சுகிர்தத்தைக் கண்டபோது, புதுத்தாலி மின்ன மறுபக்கம் திரும்பிப் போனாள். சுகிர்தம் அதையும் பாட்டாக்கி, மயில்வாகனத்தாரின் வாயில் போட்டுப் பாடினார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டாரும் சிரித்தார்கள்.

பிறகு சுதர்சனாவுக்கே கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கலைமாறன், அவளாகத் தேடிக்கொண்டவன். அவனுடைய தாய் சிவரஞ்சினிக்கு ரூ லூயி-பிளாங் தெருவில் பயண முகவர் நிலையம். கெட்ட மனுசி அல்ல. சுதர்சனாவைச் சொந்த மகளாகவே பார்த்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வடையும் தேத்தண்ணியுமாகப் பேச உட்கார்ந்தார்கள்.

"அக்கா, ஒண்டு சொல்லுவன், குறை நினைக்கக்கூடாது," என்றார் சிவரஞ்சினி. "தாரை வார்க்க லண்டனிலையிருந்து உங்கடை தமையனும் மனிசியும் வரட்டும். நீங்கள் முன்னுக்கு நிக்க… எனக்கொண்டுமில்லை. சனம் கதைக்கும். பிள்ளையளின்ரை வாழ்க்கை பாருங்கோ."

"ஓம்," என்றார் சுகிர்தம். இது வரும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆனா ஒண்டு. மயில்வாகனத்தார் கட்டாயம் வரோணும். வந்து அறுகரிசி போடோணும். அவர் போடாட்டி அதை ஒரு கலியாணமெண்டு ஆர் சொல்லுவினம்?"

சுகிர்தம் வடையைக் கீழே வைத்தார். "மயில்வாகனத்தார் போடலாம்?"

"ஐயோ, அவர்தானே முக்கியம்!"

சிவரஞ்சினி பகிடி விடவில்லை. படித்தவர், இந்த நகரத்தில் தனியாகத் தொழில் நடத்துகிறவர். ஒரே கையை ஒரு வாக்கியத்தில் தள்ளி, அடுத்த வாக்கியத்தில் கும்பிட்டு அழைத்ததில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை. சாத்திரம் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் மூளைக்கு விடுமுறை கொடுத்துவிடலாம்.

வீட்டில் சுதர்சனா கொதித்தாள். கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். "நெம்பொர்த் குவா! விசர்க்கதை! சடங்கே வேண்டாம், மேரியிலை, நகரசபையிலை பதிஞ்சால் போதும்."

"பேசாமல் இரு. உனக்கு மணவறை பிடிக்கும். சீலையும் எடுத்தாச்சு."

"அப்ப மயில்வாகனமாயே வாங்கோ அம்மா. தொப்பியோடை பக்கத்திலை நில்லுங்கோ. ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது. எனக்கு நீங்கள் நிண்டால் போதும்."

அது சுலபமான வழி. மண்டபமே கைதட்டும். மகளின் தலையில் தன் கையால் அறுகரிசி விழும். ஆனால் கல்யாணப் படத்தில் தாயின் இடத்தில் ஒரு மீசை நிற்கும். பேரப்பிள்ளைகள் பார்த்து, "இந்த ஆள் யார்?" என்று கேட்பார்கள்.

அடுத்த நாள் மண்டபத்தில் வாளியும் கையுமாகச் சோர்ந்து நின்றவரை ஆன்-சோஃபி கண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். சுகிர்தம் தன் பிரெஞ்சில் சொன்னார்.

"தொப்பி அவர்களுக்குப் பிடிக்கவில்லையா?" என்றார் ஆன்-சோஃபி.

"தொப்பி பிடிக்கும். நான் தான் ஆகாது."

"ஏன்?"

அமங்கலி என்பதற்குப் பிரெஞ்சில் என்ன? சுகிர்தம் தேடினார். வேலைக்கும் வதிவிட அட்டைக்கும் டாக்டருக்கும் சொல் வைத்திருந்த அவருடைய பிரெஞ்சில் அதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கடைசியில் நீட்டி முழக்கிச் சொன்னார்: "என் புருசன் குண்டு பட்டுச் செத்தார். அதனால் நான் தொட்டால் கெடுதல் வருமாம்."

"யாருக்கு?"

"என் மகளுக்கு."

சொல்லி முடித்ததும் அவருக்கே காதில் விழுந்தது. தமிழில் இத்தனை வருடம் கேட்டும் கேட்காததுபோல் இருந்த வாக்கியம், வேறு மொழியில் தன் வாயாலேயே வந்தபோது, இவ்வளவு கேவலமா என்று திடுக்கிட்டார். குண்டு போட்டவனுக்குக் கெடுதல் இல்லை. செத்தவரின் பெண்சாதிக்குத்தான் தண்டனை. ஆன்-சோஃபி ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். சுகிர்தம் அதைக் கேட்க நிற்கவில்லை. தரையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார், வழமையைவிட வேகமாக.

கல்யாணத்தன்று தமையனும் மனைவியும் தாரை வார்த்தார்கள். தாலி ஏறியது. மூத்தவர்கள் சோடி சோடியாக ஏறி அறுகரிசி போட்டு இறங்கினார்கள். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக, நீங்கள் எல்லாரும் எதிர்பார்த்த மாட்டுக்கார மயில்வாகனத்தார்!" என்று கத்தினார்.

கிற்றார் ஒலித்தது. தொப்பி வந்தது, மீசை வந்தது. ஆனால் கீழே வேட்டியில்லை. தாய்மாருக்கு எடுக்கும் கல்யாணப் பட்டு. சனம் புது வேடம் என்று நினைத்துச் சிரித்தது. மயில்வாகனத்தார் பாடிக்கொண்டே மணவறைப் படியில் ஏறி, பாதிப் பாட்டில் நிறுத்தி, தொப்பியைக் கழற்றினார். மீசையை உரித்து அதற்குள் போட்டார். பசை இழுத்த மேலுதடு சிவந்துபோயிருந்தது.

"மயில்வாகனத்தாருக்கு இண்டைக்கு லீவு," என்றார் மைக்கில். "பொம்பிளையின்ரை தாய் வந்திருக்கிறன்."

அறுகரிசியை அள்ளி, மகளின் தலையில் போட்டார். பிறகு மருமகனின் தலையில். சுதர்சனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கலைமாறன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஐயர் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

சிவரஞ்சினி வீடியோக்காரரிடம் குனிந்து, "இதை வெட்டிவிடுங்கோ தம்பி," என்றார்.

"லைவ் போகுது அக்கா," என்றார் அவர். "கனடாவிலையும் ஊரிலையும் பாக்கினம்."

கடைசி வரிசையில் கமலராணி என்ற பெண் எழுந்தார். மட்டக்களப்புப் பக்கம், அன்றைய சாமத்திய வீட்டில் கூட இருந்து வெங்காயம் உரித்த இன்னொரு விதவை. பாதி மண்டபம்வரை நடந்து வந்தார். அத்தனை கண்களும் திரும்பியதும் நின்றார். திரும்பிப் போய் இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பாதித் தூரம் நடக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது மண்டபத்தில் வேறொருத்திக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் மயில்வாகனத்தாருக்கு அழைப்புக் குறைந்தது. பேசியிருந்த இரண்டொரு வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். சிவரஞ்சினி சம்பந்திக்குத் தொலைபேசி எடுக்காமல் மாதக்கணக்கில் இருந்தார். மகளுக்கும் மருமகனுக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை, செவ்ரான் ரயில் பிந்துவதைத் தவிர. அது எல்லோருக்கும் பிந்துகிறது.

வசந்தம் பிறந்தபோது கமலராணி அழைத்தார். மகனுக்குக் கல்யாணம்.

"மயில்வாகனத்தார் வேணும், அக்கா."

"மீசையோடையோ, இல்லாமலோ?"



"பாட்டுக்கு மீசையோடை வரட்டும்," என்றார் கமலராணி. "அறுகரிசிக்கு நீங்கள் வாங்கோ. உங்களோடை நானும் ஏறுறன். தனிய ஏற எனக்குக் கால் நடுங்கும்."

"எனக்கும்தான் நடுங்கினது," என்றார் சுகிர்தம். "நீங்கள் தொப்பியைப் பிடியுங்கோ. கையிலை ஏதாவது இருந்தால் நடுக்கம் தெரியாது."