மூன்றாவது கிடாவின் மேல் கேட்ட குரல்

உயிரைத் தந்தவனே அதை எடுத்துக்கொள்கிறான். அவனைப் புகழ்ந்தே தொடங்குகிறேன். எங்கள் தந்தை, எங்கள் அத்தா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உறவினர்களும் நண்பர்களுமான உங்கள் கைகளில் இந்நினைவு மலரைத் தருகிறோம்.

அத்தா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். தம் தகப்பனாரைப் பத்து வயதில் இழந்தார். ராஜபாளையத்தில் ஒரு கறிக்கடையில் கூலிக்குச் சேர்ந்து, அறுப்பு கற்று, முப்பது வயதில் சொந்தக் கடை வைத்தார். இறைவன் பெயரைச் சொல்லி அறுத்தால்தான் கறி ஹலால். "கறி எல்லாக் கடையிலயும் கெடைக்கும். நம்ம கிட்ட வாரவுக அந்தச் சொல்ல நம்பி வாராக" என்பார். ஓர் ஆடு அறுபடுவதை இன்னோர் ஆடு பார்க்கக் கூடாது என்று கொல்லையில் குறுக்குச் சுவரே எழுப்பியிருந்தார்.

கடையைப் பெரிதாக்க வங்கிக் கடன் வாங்கச் சொன்னவர்கள் உண்டு. வட்டிக் காசு கடைக்குள் வரக் கூடாது என்று மறுத்துவிட்டார். அப்போது கடைக்கு முதல் போட்டவர் அவருடைய நண்பர் காதர் மாமா. லாபத்தில் பாதிப் பாதி. நட்டம் வந்தால் முதல் மாமாவோடு போகும், உழைப்பு அத்தாவோடு போகும் என்று பேச்சு. பதினாறு ஆண்டுகள் இருவருக்கும் இடையில் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை.

அந்த நட்பை முறித்த காலையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

காதர் மாமாவின் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நிக்காஹ். மதிய விருந்துக்குக் கூமாப்பட்டியிலிருந்து ஆறு கிடாக்கள் வந்திருந்தன. பொழுது விடிந்ததும் எங்கள் கொல்லையில் அறுப்பு. மாமா எதிரே நின்றார். என் தம்பி ஆட்டைப் பிடித்திருந்தான். நான் தேநீர் கொண்டுபோயிருந்தேன். இரண்டு முடிந்து மூன்றாவது. "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று அத்தாவின் குரல் தெளிவாகக் கேட்டது. கத்தி இறங்கியது. சுவருக்கு அப்பால் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த மற்ற மூன்று கிடாக்களும் ஒரே நேரத்தில் அடங்கின.

அத்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு மாமாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"நான் சொல்லல."

"என்னத்த?" என்றார் மாமா.

"பிஸ்மி. நான் வாயத் தொறக்குமுன்ன குரல் வந்துருச்சு. கை பாட்டுக்கு அறுத்துருச்சு."

"கிறுக்கா புடிச்சிருக்கு? அம்புட்டுப் பேரும் கேட்டோமே!"

"கேட்டியள்ல? நானும் கேட்டேன். அது நான் இல்ல. மொத ரெண்டுக்கும் சொன்னது நான்தானான்னு இப்பத் தெரியல."

"நான் கேட்டேன் அத்தா, உங்க குரல்தான்" என்று நானும் அழுத்திச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, அச்சம் இருந்தது.

மார்க்கத் தீர்ப்புக் கேட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். மறந்து விட்டிருந்தால் கறி கூடும், உண்ணலாம் என்றார். "மறக்கல ஹஜ்ரத். சொல்லத்தான் பாத்தேன், எனக்கு முந்தி யாரோ சொல்லிட்டாக" என்றார் அத்தா. சொல்லும் நாட்டம் இருந்ததால் அப்போதும் கூடும் என்றே ஹஜ்ரத் சொன்னார்.

"கூடும்னா கூடட்டும். நான் சொல்லி அறுத்த கறின்னு விருந்தாளிகளுக்குக் குடுக்க மாட்டேன். நடந்ததச் சொல்லிப் போடுங்க, சம்மதிக்கிறவுக சாப்புடட்டும்."

"எம்மக கல்யாணத்துல பேய்க்கதை சொல்லவா?" என்று மாமா கத்தினார். உயிரோடிருந்த மூன்று கிடாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஆள் தேடிப் போனார். அறுப்பவர் கிடைத்துச் சமையல் முடிய மாலை அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பேசியதை மாமா மறக்கவில்லை. கடையில் போட்ட முதலை அந்த மாதமே பிரித்துக்கொண்டார். அறுத்த மூன்றின் கறியை, விவரம் கேட்ட பிறகும் வாங்கச் சம்மதித்தவர்களுக்கு அத்தா காசில்லாமல் கொடுத்தார்.

மதுரையில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் ஒரு குறையும் இல்லை என்றார். ஆனால் அதற்குப் பின் சில வாரங்கள் எங்கள் வீடு வீடாக இல்லை. அடுப்படியிலிருந்து அம்மா "கூப்புட்டியளா?" என்று வருவார்கள். "நான் கூப்புடலயே" என்பார் அத்தா. ஒரு மதியம் கடைக்குள்ளிருந்து அத்தா சலாம் சொல்வது கேட்டுத் தம்பி பதில் சலாம் சொன்னான்; உள்ளே எவருமில்லை. அத்தா அப்போது பள்ளிவாசலில் இருந்தார். பிறகு அது தானாக நின்றது. ஏன் வந்தது, ஏன் நின்றது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அத்தா மறுபடி கத்தியைத் தொடவில்லை. அறுப்பு தம்பியிடம் போயிற்று. ஏழாண்டுகள் கடை வாசலில் அமர்ந்து, யார் கேட்டாலும் அன்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனவர்களையும் சலாம் சொல்லியே அனுப்பினார். சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தவர், நான்காம் நாள் மாலை, அம்மா தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கையில் அமைதியாக அடங்கினார்.

ஜனாஸாவுக்குக் காதர் மாமா வந்தார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து என்னைத் தனியே அழைத்தார்.

"நான் எதுத்தாப்லதானம்மா நின்னேன். அவிய வாய் அசையல. கண்ணால பாத்தேன். குரல் மட்டும் வந்துச்சு. கல்யாணம் நின்னுருமோன்னு பயந்து பாக்காத மாதிரி பேசிட்டேன். வருசத்துக்கு மலர் போட்டா இத நீ அதுல எழுது. எம்பேரையும் போட்டு எழுது."

எழுதிவிட்டேன், மாமா. ஏழாண்டுகள் சுமந்ததைச் சொன்னதற்கு எங்கள் நன்றி. குளிப்பாட்டிய, சுமந்த, குழி வெட்டிய ஜமாஅத்தாருக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சோறு அனுப்பிய தெலுங்கு பேசும் அடுத்த வீட்டாருக்கும் நன்றி. அத்தாவின் கையால் வாங்கியதில் எவருக்கேனும் குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பேற்கிறோம்.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. அன்று நான் அத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குரல் கேட்டது, போதும் என்று இருந்துவிட்டேன். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொன்ன மனிதரிடம், அவர் சொல்வது பொய் என்று வாதாடியவள் நான். அவருக்காகத் துஆச் செய்யும்போது எனக்காகவும் கேளுங்கள்.