வாத்தியார் வழி தவறிய காலை

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவரை அந்தச் சின்ன விமானத் திடலில் எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியாரைப் போலவே சட்டைப் பையில் இரண்டு பேனா, தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு. இவருடைய வகுப்பறைக்கு இறக்கை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய, நான்கு பேர் உட்காரும் விமானம். முன் இருக்கைகளில் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும். நாள் முழுக்க அதில் பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் அவருக்குப் பேச்சே வராது.

"ஊருக்கெல்லாம் மேல போய்ப் பேசித் தீத்துட்டு வந்துடுறீங்க. எனக்குன்னு ரெண்டு வார்த்தை மிச்சம் வெக்கக் கூடாதா?" என்பாள் மனைவி.

அவர் சிரிப்பார். கூடப் படித்தவர்கள் பெரிய விமானங்களுக்குப் போய்விட்டார்கள். இவருக்கு அதில் வருத்தமில்லை. நடுங்கிக்கொண்டே ஏறிய ஒருவர் ஒருநாள் தனியாகப் பறந்து இறங்கி, வாயெல்லாம் பல்லாக நடந்து வருவார். அதைப் பார்க்கும்போது வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

அந்த வருடம் அவரிடம் மாட்டு டாக்டர் ஒருவர் படித்தார். வாத்தியாரைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. தொலைவிலுள்ள பண்ணைகளுக்குத் தானே விமானம் ஓட்டிப் போய் வைத்தியம் பார்ப்பவர். ஆனால் வெளியே கண்ணுக்குத் தெரிகிற நாளில் மட்டும்தான் அவர் பறக்கலாம். அவருடைய உரிமம் அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் ஒரு பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. கன்று வெளியே வராமல் பசு துடிக்கிறதாம். டாக்டர் விமானத்துக்குப் பக்கத்தில் நின்று மேகத்தைப் பார்த்தபடியே இருந்தார். மேகம் விலகவில்லை. பசுவும் பிழைக்கவில்லை, கன்றும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் வந்து சேர்ந்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் பரீட்சை எழுதி முடித்தாக வேண்டும். பரீட்சைக்குப் போக வாத்தியாரின் கையெழுத்து வேண்டும்.

அந்தக் கையெழுத்துதான் கிடைத்தபாடில்லை. ஓட்டுவதில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. தரையில் டாக்டர் ஒரு அதட்டுப் போட்டால் முரட்டுக் காளையும் ஒதுங்கி நிற்கும். அதே டாக்டர் விமானத்தில் ஏறியதும் வாத்தியார் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்று செய்துவிடுவார். அவரைச் சோதிக்க வாத்தியார் பல தடவை வேண்டுமென்றே தப்பான திசையைச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் "சரிங்க சார்" என்று அந்தத் தப்பான பக்கமே அழகாகத் திரும்பினார்.

"மாட்டுக்கிட்ட அந்த அதட்டு அதட்டுறீங்க. என்கிட்ட மட்டும் என்ன, டாக்டரம்மா?"

"மாட்டுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். இங்க உங்களுக்குத் தெரியும். நடுவுல நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

"நான் தப்பா சொன்னா?"

"நீங்க ஏன் தப்பா சொல்லப் போறீங்க?"

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் சொல்ற தப்பை நீங்க ஒரு தடவையாவது பிடிங்க. அன்னைக்கே கையெழுத்து" என்றார்.

அன்று காலையும் அந்த எண்ணத்தோடுதான் கிளம்பினார்கள். மேலே போனதும் டாக்டர் பயிற்சித் தொப்பியை மாட்டிக்கொண்டார். குதிரைக்குக் கண்பட்டை கட்டுவது போன்ற சமாச்சாரம் அது. எதிரே இருக்கும் கருவிகள் மட்டும் தெரியும், வெளியே ஒன்றும் தெரியாது. வாத்தியார் வரைபடத் திரையை அணைத்தார். இனி டாக்டருக்குத் துணை, சில பழைய கருவிகள்தான். அவற்றில் ஒன்று ரேடியோ முள். திடலில் இருக்கும் ரேடியோ கம்பம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

வெளியே பார்ப்பது வாத்தியார் வேலை. அது போதாதென்று, தரையிலிருந்து வழி சொல்லும் அதிகாரியாகவும் அவரே நடிப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இடது பக்கம் திரும்பவும்" என்று வானொலிக் குரலில் சொல்வார். உடனே மூக்கை விட்டுவிட்டு, "கையை இறுக்காதீங்க, விரல் நுனியில பிடிங்க" என்று பாடம் எடுப்பார். ஒரே ஆள், மூன்று வேலை. வருடக்கணக்காகச் செய்து பழகியதால் அது பாரமாகவே தெரியவில்லை.

அன்று டாக்டர் கை ரொம்பவே இறுகியிருந்தது. விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடி. வாத்தியார் அந்தக் கையையே பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார். பேச்சு வாக்கில் அதிகாரிக் குரலில் இடது என்றார், வலது என்றார், மறுபடி இடது என்றார். ஒருவழியாகப் பிடி தளர்ந்ததும் திருப்தியோடு வெளியே எட்டிப் பார்த்தார். கீழே பஞ்சு படர்ந்த மாதிரி மூட்டம். மூட்டத்தின் ஓட்டை வழியாக ஓர் ஏரியும் நேரான கரையும் தெரிந்தன. மேற்கு ஏரி என்று மனசு சொன்னது. மேற்கு ஏரி என்றால் திடல் கிழக்கே. வேலை சுலபம்.

மூக்கைப் பிடித்தார். "கிழக்கே திரும்பவும். ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு இறங்கவும்."

"சரிங்க சார்" என்று டாக்டர் திரும்பினார். இறங்கவில்லை.

"இறங்குங்க."

"முள்ளு வாலைக் காட்டுதே சார்."

"அது பழைய முள்ளு. அப்பப்ப அலையும். இறங்குங்க."

விமானம் அதே உயரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, காதுல விழலையா?"

"விழுந்துச்சு. இறங்க மாட்டேன்."

"என்னது?"

"திடல் நமக்குப் பின்னாடி இருக்கு. கிழக்கே போனா முன்னாடி மலை. பொறி வெக்கறீங்கன்னு தெரியுது சார். இந்தத் தடவை விழ மாட்டேன்."

'பொறியெல்லாம் இல்லை, சொன்னதைச் செய்யுங்கள்' என்று வாத்தியாருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் கண் முள்ளின் மேல் போனது. முள் கொஞ்சமும் அலையவில்லை. குத்தி வைத்த மாதிரி பின்னால் காட்டிக்கொண்டிருந்தது. மறுபடி ஏரியைப் பார்த்தார். மேற்கு ஏரிக் கரையில் ஒரு வெள்ளை மோட்டார் கொட்டகை இருக்கும். இந்தக் கரை மொட்டையாகக் கிடந்தது. இது திடலுக்கு அந்தப் பக்கம், மலைக்குப் போகும் வழியில் இருக்கும் கிழக்கு ஏரி. நிமிர்ந்து முன்னால் பார்த்தார். மூட்டத்துக்குள் ஓரிடம் மட்டும் கறுத்து, கனத்துத் தெரிந்தது. அவர் இறங்கச் சொன்ன உயரத்தைவிட அது உயரமாக இருந்தது.



"நீங்களே... நீங்களே திடலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். டாக்டர் விமானத்தைத் திருப்பி, முள் நேர் முன்னால் காட்டும்படி வைத்து, தொப்பியைக் கழற்றாமலே ஓடுபாதைக்கு நேரே கொண்டுவந்தார். கடைசி நிமிடத்தில் தொப்பியைத் தூக்கிவிட்டு அலுங்காமல் இறக்கினார். 

கீழே மெக்கானிக் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வந்தார். டாக்டர் படியிலிருந்தே கத்தினார்: "இன்னைக்கு வாத்தியாரோட பொறியைக் கையும் களவுமா பிடிச்சிட்டேன்!"

"அடேங்கப்பா! என்ன பொறி?"

"நேரா மலைக்குள்ள இறங்கச் சொன்னாரு. முள்ளு பழசாம், அலையுமாம். என்னா நடிப்புங்கறீங்க!"

"நம்ம வாத்தியார் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய ஆளு" என்றார் மெக்கானிக்.

வாத்தியார் அசடு வழியச் சிரித்து வைத்தார். அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. டாக்டருக்குக் கையெழுத்து, அவருக்கு நல்ல பெயர். ஆனால் மனசு கேட்கவில்லை. பொறி என்று நினைத்தால் மட்டும் மறுத்துப் பேசுகிற ஆள், நிஜமான மேகத்துக்குள் யாரோ நிஜமாகவே தப்பாக வழி சொன்னால் என்ன செய்வார்? சரிங்க சார் என்பார்.

பாட அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார். "டாக்டரம்மா, அது நடிப்பு இல்ல. நான் நிஜமாவே வழி தவறிட்டேன். கிழக்கு ஏரியை மேற்கு ஏரின்னு நெனச்சிட்டேன்."

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "விளையாடாதீங்க."

"விளையாடல."

டாக்டர் மேசையில் ஓங்கித் தட்டினார். வாத்தியார் எடுத்து வைத்திருந்த பேனா இரண்டும் உருண்டு கீழே விழுந்தன.

"அப்போ நான் இறங்கியிருந்தா? ரெண்டு பேரும் மலைக்கு மாலையா ஆகியிருப்போமே! முள்ளு கண்ணு முன்னாடி காட்டுது, அதைப் பழசுங்கறீங்க!"

"தப்புதான்."

"மூக்கைப் பிடிச்சுப் பேசுறது, பாடம் எடுக்குறது, வெளிய பாக்குறது... இத்தனையும் ஒரே ஆளு பண்ணா எது உருப்படும்?"

"அதுவும் சரிதான்." வாத்தியார் குனிந்து பேனாக்களைப் பொறுக்கினார். "அதனாலதான் சொல்றேன். பொறின்னு நெனச்சுத்தானே மறுத்தீங்க? நாளைக்கு இன்னொரு தடவை மேல போவோம். பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

"முடியாது."

வாத்தியார் நிமிர்ந்தார்.

"வழி தவறினது நீங்க. பரீட்சை எனக்கா? திடல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது, சொன்னேன், கூட்டிட்டும் வந்தேன். நீங்க தப்பா சொல்லுவீங்கன்னு இப்போ எனக்கு நல்லாவே தெரியும். இன்னொரு தடவை போனாலும் முள்ளைத்தான் கேப்பேன், உங்களைக் கேக்க மாட்டேன். போடுங்க கையெழுத்தை!"

காளையை ஒதுங்கச் சொல்கிற அதே குரல். வாத்தியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. டாக்டர் முறைத்தார், முறைத்தபடியே அவருக்கும் உதடு துடித்தது.

வாத்தியார் பரீட்சை விண்ணப்பத்தை எடுத்து, பேனாவை ஒரு தடவை உதறி, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மை காயும் வரை டாக்டர் பொறுக்கவில்லை. ஊதிக்கொண்டே வெளியே போனார்.

வாத்தியார் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை வருடத்தில் மாணவர் யாரிடமும் இப்படித் திட்டு வாங்கியதில்லை. காது இன்னும் சூடாக இருந்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தும், அவருக்கு நன்றாகப் பசித்தது.