ஃபேஸ் மாற்றிய கை

சிதம்பரத்தில் என் தங்கை இருக்கும் வீடு அகலத்தில் கஞ்சம், நீளத்தில் ஊதாரி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எதற்காக வந்தோம் என்பது மறந்துபோகும். இன்டர்நெட்டுக்கும் அங்கே அதே கதிதான். முன்கூடத்து ரௌட்டரிலிருந்து கிளம்பும் வைஃபை, நடுவில் உள்ள தடித்த பழைய சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு வரும்போது உயிரோடு இருக்காது. அந்தப் பின்னறையில்தான் தங்கை மகள் கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். தங்கையின் கட்டிலும் அங்கேதான். இடுப்பில் அடிபட்டதிலிருந்து அவளால் யார் கையையும் பிடிக்காமல் பாத்ரூம் வரை போகமுடியாது. அவள் கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

மகள் வேலை பார்த்த சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்து பார்த்ததெல்லாம் போதும், ஆபீசுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டது. முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேறொரு வேலைக்கு அவள் மனுப் போட்டு, கடைசி இன்டர்வியூ வரை வந்திருந்தாள். அது கிடைத்தால் தாயும் மகளும் சிதம்பரத்தில். கிடைக்காவிட்டால் மகள் சென்னை விடுதியில், தாய் யாரோ ஒரு கூலியாளின் கையில். விஷயம் அவ்வளவுதான்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முன்கூடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்துவிடலாம் என்றாள் தங்கை. நான் குறுக்கே விழுந்தேன். சுவரைத் துளைப்பதா, மாதா படத்துக்குக் கீழே கறுப்பு ஒயர் தொங்குவதா என்று கேட்டேன். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நடைமுறையைப் படிக்காமல் வெந்நீர்கூடப் போட்டதில்லை. ஆகவே இதையும் படித்தேன். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியிலேயே இன்டர்நெட்டையும் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று இருக்கிறது. ரௌட்டர் பக்கத்து ப்ளக்கில் ஒன்று, பின்னறை ப்ளக்கில் ஒன்று. இரண்டும் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும். கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டில் ஒரு ஜோடி போட்டு, மாடி அறையில் சோதித்துப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு, சிதம்பரத்துக்கு இன்னொரு ஜோடி வாங்கிப்போனேன்.

மாட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். நின்று விளக்கினேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக்கூடாது. இன்டர்வியூ நேரத்தில் மிக்சி, அயர்ன் பாக்ஸ், மோட்டார் எதையும் போடக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு அடாப்டரும் ஒரே ஃபேஸில் இருக்கவேண்டும். வீட்டுக்கு வரும் மூன்று ஃபேஸும் மூன்று தெரு மாதிரி. கீழவீதியில் நிற்பவன் கண்ணுக்கு மேலவீதியில் நிற்பவன் தெரியமாட்டான் என்று உவமை வேறு சொன்னேன். தங்கை மகள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவள் படித்ததே எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்தான் என்பது எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை.

இன்டர்வியூ அன்று காலையே கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய்விட்டேன். நான் வரவேண்டிய அவசியமில்லை என்பது வேறு விஷயம். மேற்பார்வை என்று ஒன்று இருக்கிறது. போனதும் அவள் கேட்டாள்.

"மாமா, இன்னைக்கு மட்டும் முன்கூடத்துலயே உக்காந்துக்கட்டுமா? ரௌட்டர் பக்கத்துலயே இருக்கு."

"அப்ப நான் எதுக்கு இத மாட்டுனேன்?" என்றேன்.

அவள் பின்னறைக்குப் போய்விட்டாள்.

மதியம் தொடங்கியது. நடை வழியாக அவள் இங்கிலீஷ் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, தடங்கல் இல்லாமல். நான் முன்கூடத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். வெயில் நேரத்தில் எங்கள் பக்கத்தில் வழக்கமாக நடப்பது நடந்தது, வோல்டேஜ் இறங்கியது. தலைக்கு மேலே ஃபேன் இறக்கைகளை எண்ணலாம் போலச் சுற்றியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

இந்த மாவட்டத்தில் மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் குடியிருப்பவன் அப்போது என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். எழுந்துபோய் மீட்டர் பக்கத்தில் இருந்த ஃபேஸ் சேஞ்சரின் குமிழை வோல்டேஜ் உள்ள வேறு ஃபேஸுக்குத் திருப்பினேன். முன்கட்டுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று அங்கே இரண்டு குமிழ்கள். நான் திருப்பியது முன்கட்டுக் குமிழ். இதற்கு யாரும் யோசிப்பதில்லை. கொசு கடித்த இடத்துக்குக் கை போகிற மாதிரி போகும். டக்கென்று சத்தம். ஃபேன் உற்சாகமாகச் சுற்ற ஆரம்பித்தது. காற்று நன்றாக இருந்தது. கண்ணை மூடி அனுபவித்தேன்.

பின்னறையில் குரல் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவள் செல்போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, சிக்னலைத் தேடித் தெருவாசல் வரை ஓடினாள். நான் ரௌட்டரைப் பார்த்தேன். விளக்கெல்லாம் எரிந்தது. தப்பு நம் வீட்டில் இல்லை, இன்டர்நெட் கம்பெனியில்தான் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதினேன். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணிடம் பெயர், பதவி, மேலதிகாரி பெயர் எல்லாம் கேட்டேன். லைன் சரியாக இருக்கிறது சார் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, என் குரல் உயர்ந்துகொண்டே போனது. அதே நேரத்தில் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோவின் இரைச்சலுக்கு நடுவே தங்கை மகள் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தகவல் சொல்வதாகச் சொல்லி இன்டர்வியூ எடுத்தவர்கள் போனை வைத்துவிட்டார்கள்.

அவள் உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். நான் இன்டர்நெட் கம்பெனியைச் சும்மா விடப்போவதில்லை என்று உறுதி சொன்னேன். "சரி மாமா" என்றாள்.

விடவும் இல்லை. கடலூர் திரும்பியதும் எழுத்துமூலம் புகார் அனுப்பினேன். அன்று லைனில் எந்தத் தடையும் இல்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு என்று ஒரு படி இருப்பது தெரிந்த ஆள் நான். மாடி அறையில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தேன். ஓர் ஏழைப் பெண்ணின் எதிர்காலம் என்று ஒரு வாக்கியம் நன்றாக வந்திருந்தது. கீழேயிருந்து மனைவி, ஃபேன் சுத்தவே இல்ல, ஃபேஸ மாத்துங்க என்று குரல் கொடுத்தாள். இறங்கிப்போய்க் கீழ்த்தளத்துக் குமிழைத் திருப்பினேன். மேலே வந்து அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். போகவில்லை. நெட் இல்லை. சுவரில் இருந்த அடாப்டரைப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது.

கீழவீதி, மேலவீதி என்று நான் சொன்ன உவமை என் குரலிலேயே எனக்குக் கேட்டது.

குருவானவரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் எனக்கு நடைமுறை தெரியும். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை எல்லாம் வரிசையாகத் தெரியும். ஆனால் இதை எந்தக் கட்டளையின் கீழ் சேர்ப்பது? காற்று வேண்டுமென்று எழுந்தேன் சாமி என்றால் எந்தக் குருவானவரும் சிரித்துவிடுவார். குமிழைத் திருப்பியது ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை முன்கூடத்தில் உட்காரக் கேட்டதும், நான் அதை என் அடாப்டரின் மானப் பிரச்சினையாக்கியதும்தான் உறுத்தியது.

போன் செய்தேன். விதிப்படி முன்னுரை எல்லாம் வைத்து ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே சொன்னாள்.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"நீங்க ஃபேஸ் மாத்துனது. டக்குனு சத்தம் கேட்டுச்சு, அதோட கட்டாயிடுச்சு. சாயங்காலம் நீங்க பஸ்ஸுக்குப் போனதும் நான் பழையபடி திருப்பி வச்சிட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க அந்தக் கம்பெனிப் பொண்ணுகிட்ட சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்காகத்தான் பேசுறீங்கன்னு அம்மா சொன்னாங்க. விட்டுட்டேன்."

அவளே தொடர்ந்து பேசினாள். ஏரியாவில் கரன்ட் பிரச்சினை என்று இன்டர்வியூ எடுத்தவர்களுக்கு மெயில் போட்டிருந்தாளாம். இரக்கப்பட்டு மறுபடி ஒரு நாள் கொடுத்திருக்கிறார்களாம். நான் உடனே, அன்றைக்கு வந்துவிடுகிறேன் என்றேன். என்ன ஜென்மமோ.

"வேணாம் மாமா," என்றாள், மிக மெதுவாக. "வெயில் ஜாஸ்தியா இருக்கு. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பேரை மனம் நோகாமல் வெளியே அனுப்பும் கலையில் நான் தேர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுத்தமாக எனக்கு வந்ததில்லை.

அந்த நாளைச் செம்மண்டலத்திலேயே கழித்தேன். மாலையில் தங்கை போன் செய்து நல்லா பண்ணியிருக்காளாம் அண்ணே என்றாள். நெட் எப்படி இருந்தது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கொஞ்சம் தயங்கி, "ஒயர் இழுத்துட்டோம்ண்ணே" என்றாள், தப்பு செய்தவள் மாதிரி.

வேலை கிடைத்தது. வாழ்த்துச் சொல்ல நானும் மனைவியும் போனோம். கறுப்பு கேபிள் நேராக, அழகாக, மாதா படத்துக்குக் கீழேயே ஓடியது. என் அடாப்டர்கள் இரண்டும் அவற்றின் டப்பாவிலேயே திரும்பவும் வைக்கப்பட்டு, ஷோகேஸில் வேளாங்கண்ணியில் வாங்கிய சிப்பிப் படகுக்குப் பக்கத்தில் கௌரவமாக நின்றன. தங்கையை மகள் பிடித்துக் கூட்டிவந்து முன்கூடத்தில் உட்காரவைத்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை ஃபேஸ் சேஞ்சருக்குப் போனது. முன்கட்டுக் குமிழைச் சுற்றிப் பட்டையாக ஒரு பிசின் கறை. இன்சுலேஷன் டேப் ஒட்டி யாரும் திருப்ப முடியாதபடி கட்டியிருந்திருக்கிறார்கள். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அதைப் பிய்த்தெடுத்திருக்கிறார்கள். அவசரத்தில் ஒரு நுனி மட்டும் விட்டுப்போயிருந்தது.

காப்பி வந்தது. வோல்டேஜ் இறங்கியது. ஃபேன் தயங்கித் தயங்கிச் சுற்றியது. தங்கை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு காப்பியைப் பார்த்தாள். தங்கை மகள் புது வேலையைப் பற்றிச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. குமிழ் கைக்கெட்டும் தூரம்தான். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிளம்பும் வரை நால்வரும் மரியாதையாக வேர்த்துக்கொண்டிருந்தோம்.